மூன்று பேர், எழுபது புள்ளி: ‘ஸ்டெப் அப்’ நடை விளையாட்டு, ஒரு நிகழ்வு ஆய்வு

நடந்து ஆட வேண்டிய கைப்பேசி விளையாட்டான போக்கிமான் கோ 2016 ஜூலையில் வெளிவந்த சில நாட்களிலேயே அமெரிக்கப் பூங்காக்களில் கைப்பேசியைப் பார்த்தபடி நடப்பவர்களின் கூட்டம் சேர்ந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து இளைஞர்களை எழுப்ப ஒருவழியாக ஒரு விளையாட்டு வந்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். ஹார்வர்டு ஆய்வாளர்கள் அதை அளந்து பார்த்தார்கள். 18 முதல் 35 வயதுக்குட்பட்ட 1,182 பேரின் ஐபோன்களில் தானாகப் பதிவாகியிருந்த காலடிக் கணக்கை வாங்கினார்கள். அவர்களில் 560 பேர் அந்த விளையாட்டை ஆடியவர்கள். நிறுவிய முதல் வாரத்தில் ஆடியவர்களின் கணக்கு நாளுக்கு 955 காலடி கூடியிருந்தது. நேரமாகச் சொன்னால் சுமார் 11 நிமிட நடை. அதன்பின் வாரா வாரம் குறைந்து, ஆறாவது வாரத்தில் பழைய கணக்குக்கே வந்துவிட்டது.

அந்த விளையாட்டைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. அது உடல்நலத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனால் விளையாட்டையும் சமூக வலையையும் வைத்து மக்களை நடக்கவைக்க நினைப்பவர்கள் அந்த ஆறு வாரத்தை மறக்கக்கூடாது. புதுமை தரும் வேகம் அவ்வளவு நாள்தான் தாங்கும். ஏழாவது வாரம் எது ஆளை எழுப்பும் என்று முதல் நாளே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

அப்படி யோசித்து வடிவமைத்து, ஆறு மாதம் நடத்தி, விளையாட்டை நிறுத்திய பிறகும் மூன்று மாதம் அளந்த ஆய்வு ‘ஸ்டெப் அப்’. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவர் மிதேஷ் பட்டேல் தலைமையிலான குழு 2018 பிப்ரவரியில் தொடங்கி 2019 மார்ச்சில் முடித்தது. முடிவுகள் அதே ஆண்டு செப்டம்பரில் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் வந்தன. அதே பல்கலைக்கழகத்தார் அதற்கு முன்னும் பின்னும் நடத்திய ஆய்வுகளையும் அருகில் வைத்துப் படித்தால், எந்த விதி வேலை செய்தது, எது செய்யவில்லை என்பது துலக்கமாகத் தெரிகிறது. ஒரே விதி ஒரு வகை மனிதர்களிடம் நன்றாக ஓடி இன்னொரு வகையினரிடம் ஓடாமல் போனதும் தெரிகிறது.

யார், எத்தனை பேர்

டெலாய்ட் என்ற ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்த 602 பேர் பங்கேற்றார்கள். அமெரிக்காவின் 40 மாநிலங்களில் பரவியிருந்தவர்கள். எல்லோருக்கும் உடல் நிறை குறியீட்டெண் 25-க்கு மேல். அதாவது அதிக எடை அல்லது உடல்பருமன். சராசரி வயது 39. மேசை வேலை, மடிக்கணினி, அடிக்கடி விமானப் பயணம் என்று இருக்கும் படித்த, ஓரளவு வசதியான ஆட்கள் இவர்கள். முடிவுகளைப் படிக்கும்போது இதை மனதில் வைத்திருப்பது அவசியம்.

ஒவ்வொருவருக்கும் மணிக்கட்டில் கட்டும் காலடி எண்ணும் கருவி தரப்பட்டது. முதல் இரண்டு வாரம் எந்த இலக்கும் இல்லை. வழக்கம்போல் இருக்கச் சொன்னார்கள். இந்த இரண்டில் முதல் வாரக் கணக்கைத் தள்ளிவிட்டு இரண்டாம் வாரத்தை மட்டும் அடிப்படைக் கணக்காக எடுத்துக்கொண்டார்கள். புதுக் கருவி கைக்கு வந்தவுடன் எவரும் கொஞ்சம் கூடுதலாக நடப்பார். அந்தக் கணக்கை அடிப்படையாக வைத்தால் பின்னால் வரும் முன்னேற்றம் மங்கிப்போகும், இலக்கும் தேவைக்கு மேல் ஏறிவிடும். 1,000 காலடிக்குக் கீழே பதிவான நாட்களையும் சேர்க்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் அநேகமாகக் கருவி மேசை மேலோ சார்ஜரிலோ இருந்திருக்கும்.

பிறகு ஒவ்வொருவரும் தம் இலக்கைத் தாமே தேர்ந்தார்கள். அடிப்படைக் கணக்கைவிட 33, 40 அல்லது 50 சதவீதம் கூடுதல்; இல்லையென்றால் அடிப்படையைவிட 1,500 காலடியாவது கூடுதலாகத் தாமே ஓர் எண். நாளுக்கு 4,800 காலடி நடப்பவருக்கு 33 சதவீதம் கூட்டினால் 6,384, 50 சதவீதம் கூட்டினால் 7,200.

பத்தாயிரம் என்ற பேச்சே இங்கே எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த எண் 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்வில் கண்ட எண் அல்ல. சராசரி 72 வயதான 16,741 பெண்களைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு 2019-இல் வந்தது. நாளுக்கு 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500-ஐத் தாண்டிய பிறகு கூடுதல் பயன் அநேகமாக நின்றுவிட்டது. குறைவாக நடப்பவருக்கு ஆயிரம் காலடி கூடுவதே பெரிய விஷயம். 3,000 நடப்பவரிடம் பத்தாயிரம் கேட்டால் மூன்றாம் நாளே கருவியைக் கழற்றி வைத்துவிடுவார்.

விளையாட்டின் உள்ளமைப்பு

கார்ட்டூன் பாத்திரம், இசை, வெடிக்கும் வாணவேடிக்கை ஒன்றும் இதில் கிடையாது. குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும்தான். விதிகள் ஒரு தாளில் அடங்கும்.

இலக்கை எட்ட முயல்வேன் என்று முதலில் ஓர் உறுதிமொழியில் கையொப்பமிட வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் 70 புள்ளி கணக்கில் வந்து சேரும், நாளுக்குப் பத்து வீதம். இலக்கை எட்டிய நாளில் புள்ளி அப்படியே இருக்கும். தவறிய நாளில் பத்து போய்விடும். வாரக் கடைசியில் கையில் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒரு நிலை மேலே. குறைந்தால் ஒரு நிலை கீழே. நீலம், வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என ஐந்து நிலைகள். எல்லோரும் நடுவில், வெள்ளியில் தொடங்குவார்கள். அடுத்த திங்கள் மறுபடி 70.

இந்தச் சிறிய விதிகளுக்குள் நிறைய யோசனை இருக்கிறது. புள்ளியைச் சம்பாதிக்கவைக்காமல் முன்னதாகவே கொடுத்துவிட்டு எடுப்பது முதல் யோசனை. கைக்கு வந்ததை விட மனிதருக்கு மனம் வராது. பத்துப் புள்ளி கிடைக்கும் மகிழ்ச்சியைவிட அதே பத்து போவது அதிகம் உறுத்தும். வாரம் பிறந்தால் பழைய பாக்கி தள்ளுபடி என்பது இரண்டாவது. வியாழக்கிழமைக்குள் நான்கு நாளும் தவறிவிட்டவர், ‘இந்த வாரம் போச்சு’ என்று நினைத்தாலும் திங்கள் வரை காத்திருந்தால் போதும், விட்டு விலகத் தேவையில்லை. நடுவில் தொடங்குவதால் முதல் வாரத்திலேயே ஏறவும் இடம் உண்டு, இறங்கவும் இடம் உண்டு. ஏழில் நான்கு நாள் எட்டினால் போதும் என்பதால் விருந்து, காய்ச்சல், மழை எல்லாவற்றுக்கும் மூன்று நாள் இடம் விடப்பட்டிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டால் இன்னொன்றும் புரியும். வெள்ளியில் தொடங்குபவர் இரண்டு நல்ல வாரத்தில் பிளாட்டினத்துக்குப் போய்விடுவார். அதற்கு மேல் படி இல்லை. எனவே 24 வாரத்தில் பெரும்பகுதி, ஏறிய இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆட்டம்தான். இது திட்டமிட்ட நன்மை. கீழ்ப்பக்கம் பார்த்தால் இதே அமைப்பு ஆபத்தானது: இரண்டு மோசமான வாரம் வந்தால் நீலம், அங்கே போன பிறகு இழக்க எதுவும் இல்லை. இழப்பை வைத்து ஓடும் விளையாட்டில் இழக்க ஏதுமற்றவர் வெளியே போய்விடுவார். இதே விதிகளை எடுத்து நடத்துபவர்கள், நீலத்திலும் வெண்கலத்திலும் தேங்கி நிற்பவர்களை எட்டு வாரத்துக்கு ஒருமுறையாவது வெள்ளிக்கே தூக்கிவிட்டு, இலக்கைக் குறைத்துக்கொள்ளவும் அனுமதிக்க வேண்டும்.

நான்கு குழுக்கள்

602 பேரையும் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். முதல் குழு ஒப்பீட்டுக்கு: கருவியும் இலக்கும் மட்டும், விளையாட்டு இல்லை. மற்ற மூன்று குழுக்களுக்கும் மேலே சொன்ன புள்ளி விளையாட்டு பொது. அதோடு சேர்த்த மனித உறவுதான் வேறுவேறு.

ஆதரவுக் குழுவில் ஒவ்வொருவரும் குடும்பத்திலோ நட்பிலோ ஒருவரைத் துணையாகச் சொன்னார்கள். அந்தத் துணைக்கு வாரம் ஒருமுறை இவருடைய புள்ளி, நிலை பற்றிய அறிக்கை போகும். கூட்டுறவுக் குழுவில் அறிமுகமில்லாத மூவரை மின்னஞ்சலில் சேர்த்துவைத்தார்கள். ஒவ்வொரு நாளும் மூவரில் ஒருவர் குலுக்கலில் பிரதிநிதி ஆவார். நேற்று அவர் இலக்கை எட்டியிருந்தால் மூவருக்கும் புள்ளி நிற்கும், தவறியிருந்தால் மூவருக்கும் பத்துப் போகும். போட்டிக் குழுவிலும் அறிமுகமில்லாத மூவர்தான். ஆனால் அவரவர் புள்ளி அவரவருக்கு. வாரக் கடைசியில் மூவரின் புள்ளியும் நிலையும் வரிசைப்படுத்தப்பட்டு மூவருக்கும் மின்னஞ்சலில் வரும். அவ்வளவே.

24 வாரத்தின் முடிவில் ஒப்பீட்டுக் குழுவைவிடப் போட்டிக் குழு நாளுக்கு 920 காலடி கூடுதல், ஆதரவுக் குழு 689, கூட்டுறவுக் குழு 637. மூன்றுமே தற்செயல் என்று ஒதுக்க முடியாத வேறுபாடுகள். பிறகு விளையாட்டை நிறுத்திவிட்டு 12 வாரம் கருவியை மட்டும் அணிந்திருக்கச் சொன்னார்கள். போட்டிக் குழு ஒப்பீட்டுக் குழுவைவிட 569 காலடி மேலேயே நின்றது. ஆதரவுக் குழுவின் 428 உறுதியாகச் சொல்லக்கூடிய வேறுபாடு அல்ல. கூட்டுறவுக் குழு 126-க்கு இறங்கிவிட்டது; விட்டுப்போனதற்குச் சமம்.

கூட்டுறவு ஏன் கரைந்தது

இதே குழு இரண்டாண்டு முன்பு நடத்திய ‘பி ஃபிட்’ ஆய்வைப் பக்கத்தில் வைத்தால்தான் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. இதயநோய் ஆய்வுக்குப் பேர்போன மசாசூசெட்ஸ் மாநில ஃபிரேமிங்ஹாமில் 94 குடும்பங்களைச் சேர்ந்த 200 பேர் பங்கேற்றார்கள். 12 வார விளையாட்டு, 12 வாரத் தொடர் அளவீடு. அங்கேயும் கூட்டுறவு விதிதான்: நாளுக்கு ஒருவர் குலுக்கலில் குடும்பப் பிரதிநிதி, அவர் நடந்தால் குடும்பத்துக்கே புள்ளி நிற்கும். அங்கே அது நன்றாக ஓடியது. விளையாடியவர்கள் தம் இலக்கை எட்டிய நாட்கள் 53 சதவீதம்; ஒப்பீட்டுக் குடும்பங்களில் 32. ஒப்பிட்டால் நாளுக்கு 953 காலடி கூடுதல். விளையாட்டு நின்ற பிறகும் 494 மிச்சமிருந்தது.

விதி ஒன்றுதான். மாறியது ஆட்கள். அம்மாவின் பெயர் இன்று குலுக்கலில் வருமோ என்று தெரியாதபோது, இரவு உணவுக்குப் பின் ‘வாம்மா, ஒரு சுற்று போய்ட்டு வரலாம்’ என்று மகள் கூப்பிட முடியும். பக்கத்து அறையில் இருப்பவரிடம் கேட்கலாம், கூடவே நடக்கலாம், தவறினால் நேரில் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். மின்னஞ்சலில் மட்டும் தெரிந்த இருவரிடம் இது எதுவும் நடக்காது.

அதோடு விதியின் கணக்கே அறிமுகமற்றவர்களிடம் எதிராகத் திரும்புகிறது. மூவர் குழுவில் ஒருவரின் நடை, சராசரியாக மூன்று நாளில் ஒரு நாள்தான் புள்ளியைத் தீர்மானிக்கிறது. நீங்கள் ஏழு நாளும் தவறாமல் இலக்கை எட்டுகிறீர்கள், மற்ற இருவரும் ஐந்து நாளுக்கு ஒரு நாள்தான் எட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஒரு நாளும் குழுவுக்குப் புள்ளி நிற்கும் வாய்ப்பு ஒன்று, 0.2, 0.2 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தது: 47 சதவீதம். வாரத்துக்குச் சராசரி 3.3 நாள். மேலே போக நான்கு நாள் வேண்டும். குறையில்லாமல் நடந்த நீங்கள் பாதிக்கும் மேற்பட்ட வாரங்களில் கீழே இறங்குவீர்கள். ஏன் இறங்கினோம் என்று தெரிந்தாலும் அதை மாற்ற உங்கள் கையில் ஒன்றுமில்லை. நடப்பதற்கும் புள்ளிக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிட்டால் அது விளையாட்டே அல்ல, லாட்டரி.

நிறுவனங்களில் ‘டீம் ஸ்பிரிட்’ வளரட்டும் என்று வேறுவேறு கிளை ஊழியர்களைக் குலுக்கிப்போட்டு அணி சேர்ப்பது வழக்கம். நடை விளையாட்டைப் பொறுத்தவரை அது தவறான இடத்தில் எடுக்கும் முடிவு. கூட்டுப்பொறுப்பு விதியை ஒரே வீட்டாருக்கும், ஒரே தெருவில் சேர்ந்து நடக்கக்கூடியவர்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்; மற்றவர்களுக்குத் தனிப்புள்ளி கொடுங்கள்.

போட்டி, அதுவும் இந்த வகைப் போட்டி

பென்சில்வேனியாவிலேயே வேறொரு குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதை இணைய வலைக்குள் வைத்துச் சோதித்தது. 790 மாணவர்கள், 11 வாரம், பல்கலைக்கழக உடற்பயிற்சி வகுப்புகள். சிலருக்கு மற்றவர்களின் வருகைக் கணக்கு இணையத்தில் வரிசையாகத் தெரிந்தது. சிலருக்கு அணியும் அரட்டையும் ஊக்கமொழியும் மட்டும். தனியாட்கள் தம்மை ஒப்பிட்டுக்கொண்ட குழுவின் சராசரி வருகை 35.7; அணிகள் ஒன்றோடொன்று போட்டியிட்ட குழுவில் 38.5. எதுவும் இல்லாத ஒப்பீட்டுக் குழுவில் 20.3. வெறும் ஆதரவு அணிகளில் 16.8. ஒன்றுமே செய்யாததைவிடக் குறைவு. அரட்டைக் குழுவில் பேசாமல் இருப்பவர்கள்தான் எப்போதும் அதிகம். அந்த மௌனம் ‘மற்றவர்களும் போகவில்லை’ என்ற செய்தியாகப் போய்ச் சேர்கிறது. வரிசைப் பட்டியலில் மேலே இருக்கும், சுறுசுறுப்பானவரின் கணக்கு கண்ணில் படுகிறது.

ஆனால் ‘போட்டி வென்றது’ என்று மட்டும் எடுத்துக்கொண்டு ஆயிரம் பேருக்கு ஒரே தரவரிசைப் பட்டியல் போட்டால் கெடும். ‘ஸ்டெப் அப்’ போட்டியில் இரண்டு பாதுகாப்பு இருந்தது. ஒன்று, மூன்றே பேர். கடைசி இடம் என்றாலும் மூன்றாம் இடம். மேலே இருப்பவர் ஒரு எட்டு தூரம். ஆயிரம் பேர் பட்டியலில் 740-ஆம் இடத்தில் இருப்பவர், அடுத்த வாரம் 690 ஆனாலும் அதை உணரமாட்டார். முதல் பத்துப் பேரும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவர்களாகவே இருப்பார்கள். இரண்டு, பட்டியல் புள்ளியால் வரிசைப்பட்டது, காலடியால் அல்ல. 5,000 இலக்குள்ளவரும் 11,000 இலக்குள்ளவரும் ஏழு நாளும் எட்டினால் இருவருக்கும் 70. முழங்கால் வலியோடு நடப்பவர், மாரத்தான் பயிற்சியில் இருப்பவரோடு சமமாக நிற்கலாம். மொத்தக் காலடியை வரிசைப்படுத்தும் செயலிகள் இந்த ஒரு விஷயத்தில்தான் பெரும்பாலும் சறுக்குகின்றன.

சமூக ஓட்ட வலைகளில் ஒருவரின் ஓட்டம் இன்னொருவருக்கு எப்படித் தொற்றுகிறது என்பதை ஆய்வாளர்கள் ஆரல், நிக்கோலைட்ஸ் இருவரும் 2017-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் காட்டினார்கள். சுமார் 11 லட்சம் ஓட்டக்காரர்களின் ஐந்தாண்டுப் பதிவு. ஓர் ஊரில் வானிலை நன்றாக இருப்பதால் ஒருவர் கூடுதலாக ஓடும்போது, வேறு ஊரில் இருக்கும் நண்பர் என்ன செய்கிறார் என்று பார்த்தார்கள். நண்பர் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால் இவர் அதே நாளில் சுமார் 0.3 கிலோமீட்டர் கூட ஓடினார். குறைவாக ஓடுபவர் அதிகம் ஓடுபவரை உசுப்பினார். மறுதிசையில் அது நடக்கவில்லை. பெண்களைப் பெண்கள்தான் பாதித்தார்கள். ஆண்களை இரு பாலாரும். புகழ்பெற்ற ஓட்டக்காரரை முன்னிறுத்தி, நடக்காதவர்களை எழுப்பலாம் என்ற எண்ணத்துக்கு இங்கே ஆதரவு இல்லை. நெருங்கிய கணக்கில் இருப்பவர்களை ஒருவருக்கொருவர் காட்டுவதே பயனுள்ளது.

யாருக்கு எது ஒத்தது

‘ஸ்டெப் அப்’ தரவைப் பிறகு மறுபடி அலசியபோது பங்கேற்றவர்கள் மூன்று வகையாகப் பிரிந்தார்கள். கலகலப்பாகப் பழகும், ஆர்வம் மிகுந்தவர்களிடம் போட்டி மட்டுமே வேலை செய்தது. விளையாட்டு முடிந்ததும் அந்த ஏற்றமும் நீடிக்கவில்லை. குறைவாக நடக்கும், அதிகம் கூடிப் பழகாத வகையினரிடம் மூன்று வடிவமும் வேலை செய்தன. சமூக விளையாட்டு கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஒத்துவராது என்று வெளியிலிருந்து தோன்றும்; தரவு அதற்கு எதிராக நிற்கிறது. வாரம் ஒரு மின்னஞ்சல் என்ற அளவான உறவு அவர்களுக்குச் சரியாக அமைந்திருக்கலாம் என்பது எங்கள் ஊகம். மூன்றாவது வகை ஊக்கம் குறைந்து, உடல்நல ஆபத்து கூடியவர்கள். அவர்களிடம் எந்த வடிவமும் அசைவை உண்டாக்கவில்லை.

நடை கூடியது, சர்க்கரை?

2021-இல் வெளியான ‘ஐ-டயாபெட்டிஸ்’ ஆய்வு இதே நான்கு பிரிவை வகை 2 நீரிழிவு உள்ள 361 பேரிடம் ஓராண்டு நடத்தியது. ஆதரவுக் குழு நாளுக்கு 503 காலடியும் போட்டிக் குழு 606 காலடியும் ஒப்பீட்டுக் குழுவைவிட மேலே. கூட்டுறவு இங்கேயும் உறுதியான வேறுபாடு தரவில்லை. ஆனால் எடையிலும் எச்.பி.ஏ.1.சி. எனப்படும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியிலும் குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதில் வியப்பில்லை. 600 காலடி என்பது ஆறேழு நிமிட நடை. இதயத்துக்கும் ஆயுளுக்கும் அது நல்லது. எடை குறையவும் சர்க்கரை இறங்கவும் தட்டிலும் மாத்திரையிலும் மாற்றம் வேண்டும். விளம்பரத்தில் ‘எடை குறையும்’ என்று எழுதினால், மூன்றாம் மாதம் எடைக்கருவியில் ஏறிப் பார்த்தவர் நடையையும் சேர்த்து விட்டுவிடுவார். காலடி கூடும் என்று மட்டும் சொல்லுங்கள்.

2024-இல் ‘சர்குலேஷன்’ இதழில் வந்த ‘பி ஆக்டிவ்’ ஆய்வு இன்னும் நேர்மையான கணக்கைத் தருகிறது. இதயநோய் ஆபத்து உள்ள 1,062 பேர், 12 மாதத் திட்டம், 6 மாதத் தொடர் அளவீடு. ஒரு பிரிவுக்கு விளையாட்டு. இன்னொன்றுக்குப் பணம்: வாரத் தொடக்கத்தில் கணக்கில் 14 டாலர், தவறும் நாளுக்கு 2 டாலர் கழிவு. மூன்றாவதற்கு இரண்டும். ஒப்பீட்டுப் பிரிவுக்குக் கருவியும் இலக்கும் நாள்தோறும் ஒரு குறுஞ்செய்தியும். ஒப்பீட்டுப் பிரிவே தன் பழைய கணக்கைவிட 1,418 காலடி ஏறிவிட்டது. விளையாட்டுப் பிரிவு 1,954, பணப் பிரிவு 1,915, இரண்டும் சேர்ந்தது 2,297. நிறுத்தி ஆறு மாதம் கழித்தும் உறுதியாக மேலே நின்றது இரண்டும் சேர்ந்த பிரிவு மட்டுமே, 576 காலடி.

அளவிடுவது, இலக்கு வைப்பது, தினம் ஒரு செய்தி: ஏற்றத்தின் பெரும்பங்கு இந்த மூன்றிலிருந்தே வருகிறது. விளையாட்டு அதன்மேல் சுமார் 540 சேர்க்கிறது. பணமும் கிட்டத்தட்ட அவ்வளவே, ஆனால் அதற்கு ஆளுக்கு ஆண்டுக்கு 728 டாலர் வரை ஒதுக்க வேண்டும். பணம் இல்லாத அமைப்புகள் விளையாட்டைத் தேர்ந்தால் பெரிதாக எதையும் இழக்கப்போவதில்லை.

நடத்தும்போது தவறும் இடங்கள்

முப்பது பேர் கொண்ட அலுவலகமோ குடியிருப்போ இதை ஒரு விரிதாளும் வாட்ஸாப்பும் வைத்தே நடத்தலாம். மூவர் மூவராகப் பத்துச் சிறு குழுக்கள், அடிப்படைக் கணக்கு நெருக்கமாக இருப்பவர்களைச் சேர்த்து. முப்பது பேருக்கும் ஒரே குழு வேண்டாம். காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் பட்டியல் காணாமல் போகும். நாள்தோறும் தனிச்செய்தியாக நேற்றைய முடிவும் மீதிப் புள்ளியும் போக வேண்டும், திங்கள் பிற்பகலில் மூவர் பட்டியல்.

கருவி விஷயத்தில் ஒரு கட்டாயம்: அடிப்படை வாரத்தில் எதில் எண்ணினாரோ அதிலேயே கடைசிவரை எண்ண வேண்டும். கைப்பேசியில் தொடங்கிய ஒருவர் நடுவில் கைக்கடிகாரத்துக்கு மாறினால், சமையலறையிலும் மாடிப்படியிலும் நடந்தவை புதிதாகக் கணக்கில் சேர்ந்து, ஓர் அடி கூட நடக்காமலே இலக்கை எட்டிவிடுவார். மாறியே தீர வேண்டுமென்றால் புதிதாக ஒரு வாரம் அளந்து இலக்கைத் திருத்துங்கள்.

பதிவு வராத நாளைத் தவறிய நாளாகவே எண்ண வேண்டும். இல்லையென்றால் மோசமான நாளில் கருவியைக் கழற்றிவைப்பதே லாபமாகிவிடும். ஆனால் கருவி கைப்பேசியோடு ஒத்திசையத் தாமதமாவது அடிக்கடி நடக்கும். ஞாயிறு கணக்கைத் திங்கள் நண்பகல் வரை ஏற்றுக்கொண்டு அதன்பின் வாரத்தை மூடிவிடுங்கள். உண்மையாக நடந்தவரின் பத்துப் புள்ளி தொழில்நுட்பக் கோளாறில் போனால், நடத்துபவர்மேல் வைத்த நம்பிக்கையும் அதோடு போகும். காய்ச்சல், அறுவை சிகிச்சை, துக்கம் போன்றவற்றுக்கு வாரத்தை நிறுத்திவைக்க ஒரு வழி இருக்க வேண்டும். அப்போது நிலை ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்.

இடத்தகவலைப் பகிரச் சொல்லாதீர்கள். ஓட்டத்தையும் நடையையும் பதிவுசெய்யும் செயலியை நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம் வெளியிட்ட உலக நடமாட்ட வரைபடத்தில் ராணுவ முகாம்களின் உள்பாதைகள் வெளிச்சமாகத் தெரிந்தது 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. தினமும் ஒரே நேரத்தில் தனியாக நடக்கும் பெண்ணின் பாதை யார் கையில் போகலாம் என்று யோசித்தால் போதும். விளையாட்டுக்குத் தேவை எட்டினாரா இல்லையா என்ற ஒரு தகவல்தான். எங்கே நடந்தார் என்பது எவருக்கும் தேவையில்லை.

நீரிழிவு உள்ளவர்கள் சேர்ந்தால், இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் நடைக்குப் போகும்போது சர்க்கரை அல்லது குளுக்கோஸ் கையில் வைத்திருக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு அழுத்தமோ வழக்கமில்லாத மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நின்று மருத்துவ உதவி தேட வேண்டும்; திரும்பச் சேர்வது மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே. இதைச் சேர்க்கைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள், புள்ளிக்காக வலியைப் பொறுத்துக்கொண்டு நடப்பவர்கள் உண்டு.

கடைசியாக, மூன்றாவது வகையினர். நாலைந்து வாரம் தொடர்ந்து நீலத்திலேயே இருப்பவருக்கு இன்னொரு குறுஞ்செய்தி அனுப்புவதில் பயனில்லை. எந்த வடிவமும் அவர்களிடம் எடுபடவில்லை என்பதை ‘ஸ்டெப் அப்’ தரவே காட்டிவிட்டது. ஒரு முறை கூப்பிட்டுப் பேசுங்கள். மூட்டு வலியா, இரவு வேலையா, வீட்டில் படுத்திருக்கும் நோயாளியா, மனச்சோர்வா என்று கேளுங்கள். பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டு, அவருக்குத் தேவை மருத்துவரா, இயன்முறைப் பயிற்சியாளரா, வேலை நேர மாற்றமா என்று பார்த்து அதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.